பன்னிரண்டாவது பாட்டு

1991 அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த வாரத்தில், அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எனக்கு ஒரு கேசட் கொடுத்தார். பூஜையன்று மேசைகளுக்கு வைத்த சந்தனம் அப்படியே காய்ந்து ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோதுதான் கேசட்டை நீட்டினார், அதனால் எந்த வாரம் என்பது எனக்கு மறக்காது. சில மாதங்களில் அவர் என் கணவரானார். அதற்கு அந்தக் கேசட்டின் கடைசிப் பாட்டுதான் காரணம் என்று பன்னிரண்டு வருடம் நம்பியிருந்தேன். காரணம் அதுதான், ஆனால் நான் நினைத்திருந்த விதத்தில் அல்ல.

1989 செப்டம்பரில் மாவட்டம் பிரிந்ததும் புது அலுவலகங்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். தேர்வு எழுதிக் காத்திருந்த எனக்குச் சொந்த ஊரிலேயே வேலை கிடைத்தது. எங்கள் பிரிவு அப்போது ஊருக்குள் ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. ஊருக்கு வெளியே வேங்கிக்காலுக்குப் போனதெல்லாம் பின்னால். பக்கத்து மேசைக்காரருக்கு ஊர் கீழ்பென்னாத்தூர். வீட்டில் நெல்லும் மணிலாக் கொட்டையும் பயிர். தினமும் பஸ்ஸில் வந்து போவார். எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் தூரத்து உறவு உண்டு என்பதைக்கூட வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துத்தான் பேச்சுவாக்கில் கண்டுபிடித்தோம். நான் ஆங்கில இலக்கியம் படித்தவள். அவர் தமிழ் வழியில் வணிகவியல் படித்தவர். அலுவலகத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதங்களை என் பக்கம் தள்ளிவிட்டு, என் பக்கத்துக் கணக்குப் பட்டியல்களை அவர் எடுத்துக்கொள்வார்.

எங்கள் வீட்டு டேப் ரெக்கார்டருக்குப் பக்திப் பாட்டு தவிர வேறு கேசட் இல்லை என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தேன். அதற்காகத்தான் அந்தக் கேசட்டைப் பதிந்து வாங்கி வந்தார். அந்த நாளில் தேரடி வீதியை ஒட்டிய சந்தில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் ஒரு மணி நேரக் கேசட்டில் பதிந்து, உறையில் பாட்டுப் பட்டியலும் எழுதித் தருவார்கள். என் கேசட்டின் உறையில் பதினொரு தமிழ்ப் பாட்டுகள் எழுதியிருந்தன. இரண்டாம் பக்கத்தில் பதினொன்றாவது பாட்டு முடிந்து, கொஞ்சம் இரைச்சல் ஓடி, பன்னிரண்டாவதாக ஒரு பாட்டு வந்தது. அது உறையில் இல்லை. ஆங்கிலப் பாட்டு.

பியானோவும் ஒரு கிதாரும். பாடுகிறவனுக்குப் பெரிய குரல் இல்லை, எதிரே உட்கார்ந்து பேசுவதுபோல் பாடினான். நிறுத்தி, பின்னால் ஓட்டி, வரி வரியாக ஒரு நோட்டில் எழுதி, கீழே தமிழில் பொருளும் எழுதினேன். நாலு மாலை ஆனது. ஒரு பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது. அவள் போவதா இருப்பதா என்று தயங்குகிறாள். அவன் அவளிடம், எனக்காக நீ எதையும் கீழே வைக்க வேண்டாம், நான் என் சாமான்களைக் கட்டிக்கொண்டு நீ இருக்கும் இடத்துக்கு வருகிறேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. நட்சத்திரம், நிலா எதுவும் கிடையாது. ஒரு இடத்தில் சாமான்களின் பட்டியல்கூட வரும்: இரண்டு சட்டை, ஒரு நாற்காலி, அணைக்க மறந்த ஒரு விளக்கு.

அந்த மாதம் எனக்குப் பெங்களூரில் ஒரு வரன் வந்திருந்தது. நல்ல குடும்பம், நல்ல பையன். கல்யாணத்துக்குப் பிறகு வேலை வேண்டாம் என்று அவர்கள் மரியாதையாகவே சொல்லியிருந்தார்கள். இது அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரியும், பக்கத்து மேசைக்காரருக்கும் தெரியும். அப்படி இருக்க, ஒரு பாட்டை மட்டும் உறையில் எழுதாமல் விட்டு, அதில் இப்படி ஒரு செய்தியையும் வைத்தால் நான் என்ன நினைப்பேன்? எழுதாமல் விட்டதாலேயே அது எனக்கு மட்டும் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆனாலும் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. தீபாவளிக்கு முந்தின வாரம், மேசையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டேன்.

"கடைசிப் பாட்டைக் கேட்டேங்க."

"அதுங்களா? நல்லா இருந்துச்சா?"

"அர்த்தம் தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

அவர் சிரித்து, தலையைக் குனிந்துகொண்டு, "புடிச்சதாலதாங்க போடச் சொன்னேன்" என்றார்.

எனக்கு அது போதும். கார்த்திகை தீபத் திருவிழாவின் கொடியேற்றத்துக்கு முந்தின நாள் அப்பாவிடம் பேசினேன். அப்பா தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். எதற்கும் நிதானமாகத்தான் கேள்வி கேட்பார்.

"பெங்களூர்க்காரங்க பதில் கேக்கறாங்க. இன்னான்னு சொல்றது?"

"வேணாம்னு சொல்லிடுங்கப்பா."

"பையன்கிட்ட இன்னா கொறை?"

"கொறை இல்லப்பா. வேலையை விடச் சொல்றாங்க."

"அது எல்லா வூட்டுலயும் சொல்றதுதானே."

"சொல்லாத ஒருத்தர் இருக்காருப்பா."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கீழ்பென்னாத்தூரா?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஒரே பாட்டை இழுத்து இழுத்து வெச்சு ரீவைண்ட் பட்டனே தேஞ்சு போச்சு. கேசட் எங்கேருந்து வந்துச்சுன்னு உங்கம்மாகிட்ட கேட்டேன்."

மறுநாள் அலுவலகத்தில் அவரிடம், பெங்களூர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றேன்.

"ஏங்க? நல்ல எடம்னு சொன்னீங்களே."

"அந்தப் பாட்டைக் குடுத்துட்டு நீங்களே ஏன்னு கேட்டா எப்படி? வெளிநாட்டுப் பாட்டா இருந்தாலும் எனக்குப் புரியாதா?"

கையில் பிடித்திருந்த ஃபைலை மேசையில் வைத்துவிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டார். பிறகு, "எனக்கு ஒரு பத்து நாள் டைம் குடுங்க. தீபம் முடியட்டும்" என்றார். வீட்டில் பேச நேரம் கேட்கிறார், யோசித்துச் செய்கிறவர் என்று எனக்கு மதிப்பு கூடியது. தீபம் முடிந்து அலுவலகம் திறந்த முதல் நாள் வந்து சொன்னார்: "நீங்க வேலையை விட வேணாங்க. நான் ஊர்லேர்ந்து இங்க வந்துடறேன்." பாட்டில் இருந்தது அப்படியே. அதற்குப் பிறகு எனக்குக் கேள்வியே இல்லை.

1992 தை மாதம் கல்யாணம். கீழ்பென்னாத்தூரில் கூட்டுக் குடும்பம். மூத்த மகன் தனியாகப் போவது சின்ன விஷயமில்லை. "பொண்டாட்டி வேலைக்கிப் போறதுக்காக வூட்டை வுட்டுப் போறவன இப்பத்தான் பாக்கறேன்" என்று மாமனார் மூன்று வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பதில் பேச மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் நிலத்து வேலை செய்துவிட்டு, திங்கள் காலை முதல் பஸ்ஸில் அலுவலகத்துக்கு நேராக வருவார். 1997இல் எனக்குப் பதவி உயர்வோடு போளூருக்கு மாற்றல் வந்தது. நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று யோசித்த நாளில், அவர் தனக்கும் போளூர் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது இருந்ததைவிடச் சின்னப் பொறுப்பு. மூன்று வருடம் கழித்து இருவரும் திரும்பி வந்தோம். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டைத்தான் நினைத்துக்கொண்டேன். சொன்னதைச் செய்கிற மனிதர் என்று.

2003இல், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில், அந்தப் பாட்டின் வரலாற்றைத் தேடினேன். அதுவரை பாடியவன் பெயர்கூடத் தெரியாது. நோட்டில் எழுதி வைத்திருந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்ததும் வந்துவிட்டது. எனக்குக் கேசட் கிடைப்பதற்குப் பல வருடம் முன்பே வந்த பாட்டு அது. இன்னும் கல்யாணங்களில் போடுகிறார்களாம். பாடியவனே எழுதியது, கற்பனை இல்லை, கூட வாழ்ந்த பெண்ணுக்காகவே எழுதியது. அவளுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததும் உண்மை. அவள் போனாள். பாட்டு பெரிய அளவில் ஓடியதால் அவனுக்கு ஊர் ஊராக நிகழ்ச்சிகள் வந்தன, அவன் அவளிடம் போகவில்லை. பிரிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும் மேடைகளில் அதைப் பாடிக்கொண்டுதான் இருந்தான்.

 யாரோ ஒரு பாடகனுக்காக வருத்தப்பட எனக்கு என்ன இருக்கிறது என்று எழுந்தேன். ஆனால் அந்தப் பாட்டின் வரலாற்றில் எனக்கு ஒரு இடம் நிரம்பாமல் இருந்தது. இந்தப் பாட்டு கீழ்பென்னாத்தூர்க்காரர் ஒருவருக்கு எப்படித் தெரிந்தது? பன்னிரண்டு வருடத்தில் அதை மட்டும் நான் கேட்டதே இல்லை. அவரிடம் கேட்பதற்கு முன்னால், வழியில்தானே இருக்கிறது என்று அந்த ரெக்கார்டிங் கடைக்குப் போனேன்.

கடை இப்போது செல்போன் கடையாகியிருந்தது. ஒரு ஓரத்தில் சிடிக்கள். கடைக்காரர் அவரேதான், தலை மட்டும் நரைத்திருந்தது. பாட்டின் முதல் இரண்டு வரியைச் சொன்னதும் முகம் மலர்ந்தது.

"அட, அதா? அது நான் போடறதும்மா."

"நீங்க போடறதா? எழுதிக் குடுக்கற லிஸ்ட்ல இருக்காதா?"

"நம்மூர்ல லிஸ்ட்ல யாரு இங்கிலீஷ் பாட்டு எழுதுவாங்க? பக்கம் முடியற எடத்துல நாலு நிமிஷம் மீதி நிக்கும். காலியா வுட்டா டேப்பைக் கம்மி பண்ணிட்டேன்னு சண்டைக்கு வருவாங்க. தமிழ்ப் பாட்டு போட்டா, நான் கேக்காததை ஏன்டா போட்டேம்பாங்க. இங்கிலீஷ்னா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருத்தரு டேப் ரெக்கார்டர் ரிப்பேருக்குக் குடுத்தாரு, அதுக்குள்ள இருந்த கேசட்டை வாங்கிக்கவே வரல. பாட்டு அளவு கரெக்டா நாலு நிமிஷம். அதையே எல்லாத்துக்கும் போட்டுட்டேன்."

"எல்லாத்துக்கும்னா?"

"நாலஞ்சு வருஷம் போட்ருப்பேன். ஊர்ல பாதி வூட்டுல அந்தப் பாட்டு இருக்கும். ஐயப்பன் பாட்டு கேசட் கடைசிலகூட போட்டு வுட்ருக்கேன்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். மாலை போட்டவர்கள் வீட்டிலெல்லாம் அந்த ஆள் இரண்டு சட்டையும் நாற்காலியுமாகக் கிளம்பிக்கொண்டிருந்திருக்கிறான். ஆனால் சிரிப்பு வரவில்லை. வேலையை விடாமல் இருந்ததும், ஒரு வரனை மறுத்ததும், இந்த மனிதரைத் தேர்ந்ததும் எல்லாம் ஒரு கடைக்காரர் மீதி டேப்பை நிரப்பியதில் போய் நின்றன.

கடைக்காரர் பேச்சை நிறுத்தவில்லை. "ஒரே ஒருத்தருதான் அந்தப் பாட்டைக் கேட்டு வந்தாரு. கீழ்பென்னாத்தூர்க்காரரு. ரெண்டு பக்கமும் இதையே போட்டுக் குடுன்னாரு. இதுல இன்னா சார் அப்படி இருக்குதுன்னேன். அதைத் தெரிஞ்சுக்கத்தான் வாங்கறேன்னாரு."

"எப்ப? எந்த வருஷம், எந்த மாசம்?"

"அதெல்லாம் யாருக்கும்மா ஞாபகம்?"

எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அன்று அலுவலகத்தில் நான் கேட்பதற்கு முன்பே அவர் இதைத் தேடிப் போயிருந்தால், பாட்டு யார் போட்டதாக இருந்தாலும், தலையைக் குனிந்து சிரித்தது அவருடைய பதில்தான். அதற்குப் பின்பு என்றால், அவர் எனக்கு எந்தப் பதிலும் சொல்லவில்லை, நான்தான் எடுத்துக்கொண்டேன். ஒரு வாரம் இந்த இரண்டு தேதிகளையும் மனத்தில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தேன். அவரிடம் கேட்கப் பயமாக இருந்தது.

அப்போது வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டிருந்தோம். சுவர் இடுப்பு உயரம் வந்திருந்தது. அலுவலகம் போகும் முன் அவர் காலையில் போய்ச் சுவருக்குத் தண்ணீர் அடிப்பார். ஒரு சனிக்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஹோஸைப் பிடித்துக்கொண்டு நின்றவரிடம் பின்னாலிருந்து சொன்னேன்.

"அந்த இங்கிலீஷ் பாட்டு நீங்க போடச் சொன்னது இல்லையாமே."

தண்ணீர் அதே இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. "யாரு சொன்னது?"

"கடைக்காரர்."

"அந்தாளு இன்னும் கடை வெச்சிருக்கானா?"

"பேச்சை மாத்தாதீங்க. புடிச்சதாலதான் போடச் சொன்னேன்னு சொன்னீங்களே."

"நீ கடைசிப் பாட்டுன்ன. என் லிஸ்ட்ல கடைசி பதினொண்ணாவதுதான். அது எனக்குப் புடிச்ச பாட்டு, ஆமான்னேன். அதுக்கு மேல ஒண்ணு இருக்குறதே எனக்குத் தெரியாது."

"அப்புறம் எப்ப தெரிஞ்சுது?"

"நீ வந்து பெங்களூர் வேணாம்னு சொல்லிட்டேன்னப்ப. வெளிநாட்டுப் பாட்டுன்னு என்னமோ சொன்ன. ஒண்ணும் புரியல. கடைக்குப் போய்க் கேட்டேன், பாட்டைப் பதிஞ்சு வாங்கி எங்க ஊரு இங்கிலீஷ் வாத்தியார்கிட்ட குடுத்து அர்த்தம் கேட்டேன்."

"தேதி ஞாபகம் இருக்கா?"

"தேதியெல்லாம் உனக்குத்தான். பஸ்ஸு ஊருக்குள்ள வரல, செஞ்சி ரோட்டுலயே எறக்கி வுட்டுட்டான். அங்கேர்ந்து கூட்டத்துல நடந்தேதான் கடைக்குப் போனேன்."

தீபத்துக்கு ஊருக்குள் பஸ் விடமாட்டார்கள். ஆக, கொடியேற்றத்துக்குப் பின். நான் அப்பாவிடம் பேசியதற்குப் பின். அவர் பத்து நாள் கேட்டது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. அவருக்காக நான் வரனை மறுத்த நாளில் அவருக்கு எதுவுமே தெரியாது.

"என்னைப் புடிக்கவாவது புடிச்சிருந்துதா அப்ப?"

"புடிக்கும். அதைச் சொல்லணும்னெல்லாம் நெனைக்கல. உனக்குப் பெங்களூர்ல மாப்பிள்ளை, நான் இன்னாத்தச் சொல்றது?"

"வாத்தியார் அர்த்தம் சொன்னதும் வந்து, அது நான் போட்டது இல்லைன்னு சொல்லியிருக்கலாமே."

"சொல்லத்தான் கெளம்புனேன்." ஹோஸை அடுத்த வரிசைச் செங்கலுக்கு நகர்த்தினார். "வாத்தியாரு சொன்னதும் பயமாத்தான் இருந்துச்சு. அதுல ஊட்டை வுட்டு வரணும்னு இருக்குது. எங்கப்பாகிட்ட அதை எப்படிச் சொல்றது? வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாப்புல ஆயிப்போச்சேன்னு நெனச்சேன். கவர்மெண்ட் வேலைல மொத நாளே சொல்லித் தர்றாங்க, வெத்துப் பேப்பர்ல கையெழுத்துப் போடாதன்னு. ரெண்டு நாள் யோசிச்சேன். உண்மையைச் சொன்னா நீ பெங்களூர் போயிடுவ, வேலையும் போயிடும். அதுக்கு, அதுல இன்னா எழுதியிருக்குதோ அதைச் செஞ்சுடறதே சுலபம்னு தோணிச்சு."

"சுலபமாவா இருந்துச்சு?"

"எங்கப்பா பேசுனத கேட்டல்ல."

 எனக்கு ஏமாந்துவிட்டேன் என்றும் தோன்றவில்லை, நிம்மதி என்றும் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருடமாக நான் தவறான ஒரு நாளைப் பெரிதாக வைத்திருந்தேன். மேசையில் அவர் சிரித்த நாள் ஒன்றுமே இல்லாத நாள். செஞ்சி ரோட்டிலிருந்து கூட்டத்தில் நடந்து வந்ததும், ஊரில் வாத்தியார் வீட்டிலிருந்து திரும்பி இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் உட்கார்ந்திருந்ததும்தான் நான் எழுதி வைத்திருக்க வேண்டிய நாட்கள். அவை எனக்குத் தெரியவே தெரியாது. அவருக்கும் தேதி தெரியாது.

பாட்டின் கதையை அவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எழுதிப் பாடியவன் யார், எந்தப் பெண்ணுக்காக எழுதினான், அவளுக்கு வேறு ஊரில் வேலை வந்தது, கடைசியில் பிரிந்தது எல்லாம் சொன்னேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"இவன் போவலியா அவ இருக்கற ஊருக்கு?"

"போகல. கச்சேரி ஜாஸ்தி ஆயிடுச்சாம்."

"ரொம்ப தூரமோ?"

"அது நெட்ல போடல. ஒரே தேசம்தான்."

"போயிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, ஹோஸை இழுத்துக்கொண்டு தெற்குச் சுவர்ப் பக்கம் போனார்.